கழுதைக்கும் தண்ணி, ரயிலுக்கும் தண்ணி, காருக்கும் தண்ணி

வீட்டில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சுதான். பழைய பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் வாங்குவதா, வேண்டாமா? மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், அவள் மின்சாரக் கட்சி. வீட்டுக்காரம்மா எதிர்க்கட்சி. "ஏங்க, நடுவழியில சார்ஜ் தீந்துபோச்சுன்னா இந்தப் பாலைவனத்துல யாரைப் போய்க் கேக்குறது?" என்பது அவர் வாதம். ஜோத்பூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து நாங்கள் காரில் போன அதிகபட்ச தூரம் ஜெய்சல்மேர். ஆனாலும் கேள்வி கேள்விதானே.

நான் வங்கிக்காரன். வாகனக் கடன் தாள்களில் தினமும் கையெழுத்துப் போடுகிறவன். கிலோமீட்டருக்கு எத்தனை பைசா, எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: "ஓட்டுற செலவு சரிப்பா. பேட்டரி செய்யுற செலவு எங்கே?"

"அது காரோட விலையிலேயே இருக்கும்மா."

"தண்ணியுமா?"

பள்ளியில் ஏதோ படித்திருக்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே செலவழித்தேன். தேடிப் போனது லித்தியத்தை. கிடைத்தது ஒரு பாலைவனத்தின் நூற்றைம்பது வருட வரலாறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை என்பது வதந்தி

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், சிலி நாட்டின் வடக்கே இருக்கிறது அட்டகாமா. நம் தார் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு அதைக் கற்பனை செய்யக் கூடாது. ஜெய்சல்மேரில்கூட வருடத்துக்கு 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. அட்டகாமா கரையோரம் உள்ள அரிக்கா நகரத்தின் வருடச் சராசரி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தார், உலகிலேயே மக்கள் நெருக்கமான பாலைவனங்களில் ஒன்று. அட்டகாமாவில் பல கிலோமீட்டருக்கு ஒரு மனிதர் கிடையாது.

ஆனால் யாருமே இல்லாத இடமும் இல்லை. ஆண்டிஸ் மலையில் பெய்கிற பனியும் மழையும் நிலத்தடியில் வழிந்து வந்து அங்கங்கே ஊற்றாக வெளிவரும். அந்த ஊற்றுகளைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள்: டோகொனாவ், கமார், பெய்னே, சோகைரே. அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக லிக்கான் அந்தாய் என்ற மக்கள் வாழ்கிறார்கள். வாய்க்கால் வெட்டி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மக்காச்சோளம் போட்டு, லாமா வளர்த்து வாழ்ந்தவர்கள். குன்சா என்ற அவர்களுடைய மொழி பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது. வாய்க்கால் தூர்வாரும் சடங்குப் பாட்டில் மட்டும் அந்த மொழி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். படித்தபோது எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக் குடிமராமத்து ஞாபகத்துக்கு வந்தது.

முதல் வண்டி: கோவேறு கழுதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மண்ணில் வெடியுப்பு இருப்பது வெளி உலகுக்குத் தெரிந்தது. வயலுக்கு உரம், பீரங்கிக்கு மருந்து, இரண்டுக்கும் அது வேண்டும். ஐரோப்பா போட்டி போட்டுக்கொண்டு வாங்கியது. வெட்டி எடுத்த உப்பைச் சுமக்கக் கோவேறு கழுதைகள் வேண்டும். கழுதைக்குத் தண்ணீர் வேண்டும். அங்கே கிணற்றில் ஊறுவதோ வாயில் வைக்க முடியாத உப்புநீர்.

1872ல் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் சார்ல்ஸ் வில்சன் என்ற பொறியாளர் ஒரு காரியம் செய்தார். சுமார் 4,700 சதுர மீட்டர் பரப்புக்கு மரத் தொட்டிகள், மேலே சாய்வாகக் கண்ணாடி. உள்ளே உப்புநீர். வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து வழிவது நல்ல தண்ணீர். நாளொன்றுக்கு 22,000 லிட்டருக்கு மேல் கிடைத்தது. உலகின் முதல் பெரிய சூரிய நீர் வடிப்பாலை இதுதான், ஏறக்குறைய நாற்பது வருடம் ஓடியது. முதலில் அது கட்டப்பட்டது மனிதர்களுக்காக அல்ல, சரக்கு சுமக்கும் கழுதைகளுக்காக!

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே பாலைவனம், அதே வெயில், அதே உப்புநீர். 1872ல் உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்தார்கள். நூறு வருடம் கழித்து என்ன செய்தார்கள் என்று பின்னால் வருகிறேன்.

வரி, போர், ஒரு வங்கிக் கடன்

அன்றைக்கு அந்தக் கரையில் ஒரு பகுதி பொலிவியாவுக்கும் ஒரு பகுதி பெருவுக்கும் சொந்தம். முதலும் ஆளும் பெரும்பாலும் சிலி, பிரிட்டன். 1878ல் பொலிவியா, அன்டோஃபகஸ்டா வெடியுப்புக் கம்பெனி மீது ஒரு குவிண்டாலுக்கு, அதாவது சுமார் 46 கிலோவுக்கு, 10 சென்டாவோ வரி போட்டது. கம்பெனி கட்ட மறுத்தது. சொத்தை ஏலம் விடப் போகிறோம் என்றார்கள். 1879 பிப்ரவரி 14 அன்று சிலியின் படை அன்டோஃபகஸ்டாவில் இறங்கியது. பசிபிக் போர் என்று வரலாற்றில் பெயர். முடிவில் பொலிவியா கடற்கரையையே இழந்தது, பெரு தன் தெற்கு மாகாணங்களை இழந்தது. பத்து காசு வரியில் தொடங்கிய சண்டை, ஒரு நாட்டுக்குக் கடலே இல்லாமல் போய்விட்டது.

இதில் ஒரு வங்கிக்காரன் கண்ணில் படாமல் போக முடியாத ஆசாமி ஒருவர் உண்டு. ஜான் தாமஸ் நார்த். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்து மெக்கானிக், பிழைப்புக்காகச் சிலிக்கும் பெருவுக்கும் வந்தவர். போருக்கு முன்பே பெரு அரசு வெடியுப்பு ஆலைகளை எடுத்துக்கொண்டு உரிமையாளர்களுக்குப் பத்திரம் கொடுத்திருந்தது. போரில் பெரு தோற்கிற நிலைமை வந்ததும் அந்தப் பத்திரங்கள் அடிமாட்டு விலைக்கு இறங்கின. நார்த் அள்ளி வாங்கினார். அவர் பணத்தில் அல்ல, சிலியின் வால்பரைசோ வங்கி கொடுத்த கடனில்! போர் முடியும் முன்பே பத்திரம் வைத்திருப்பவருக்கே ஆலை என்று சிலி அறிவித்தது. நார்த் ஒரே பாய்ச்சலில் வெடியுப்பு ராஜா ஆனார். (அந்தக் கடனை அனுமதித்த அதிகாரியின் தணிக்கை அறிக்கையில் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். :-))

ஆனால் அவர் கையிலிருந்த இன்னொரு தொழில்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தண்ணீர். இகிகே துறைமுகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கடல்நீரை நிலக்கரி எரித்துக் காய்ச்சி விற்றார்கள், கப்பலில் கொண்டுவந்தும் விற்றார்கள். அந்தத் தண்ணீர் வியாபாரத்தில் நார்த் ஆரம்பத்திலேயே கால் வைத்தார். 1888ல் தராபக்கா தண்ணீர்க் கம்பெனியும் அவருடையது, அதே வருடம் தொடங்கிய தராபக்கா லண்டன் வங்கியும் அவருடையது. உப்பு, தண்ணீர், வங்கி, எல்லாம் ஒரே கையில். தொழிலாளி என்ன குடித்தாலும் காசு அவருக்குத்தான்.

1913ல் ஜெர்மனியில் காற்றிலிருந்தே நைட்ரஜன் உரம் செய்யும் ஆலை ஓட ஆரம்பித்தது. சில பத்தாண்டுகளில் வெடியுப்பு ஊர்கள் காலியாகின. நாடகக் கொட்டகை, நீச்சல் குளம் எல்லாம் இருந்த ஹம்பர்ஸ்டோன் இப்போது பேய் ஊர். 2005ல் அதை யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இரண்டாவது வண்டி: நீராவி ரயில்

கழுதையை ஓரங்கட்டியது ரயில். அன்டோஃபகஸ்டாவிலிருந்து மலையேறி 1892ல் பொலிவியாவின் ஒருரோ வரைக்கும் போய்விட்டது. ஆனால் நீராவி எஞ்சின் கழுதையைவிடப் பெரிய குடிகாரன். பாய்லருக்கு நல்ல தண்ணீர் வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் படிவு கட்டிவிடும்.

ரயில் கம்பெனி மலைமேல் ஊற்றுகளைத் தேடிப் போனது. பொலிவிய எல்லைக்குள் தொடங்கி சிலிக்குள் ஓடும் சிலாலா என்ற சின்ன ஓடை. 1908ல் பொலிவியா அந்தத் தண்ணீரை நீராவி எஞ்சின்களுக்காக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. 1928ல் கால்வாய் கட்டினார்கள். காலம் மாறியது. நீராவி போய் டீசல் வந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் தேவையில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1997ல் பொலிவியா விழித்துக்கொண்டு, எஞ்சினே இல்லாதபோது அனுமதி எதற்கு என்று ரத்து செய்தது. 2016ல் சிலி சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 டிசம்பர் 1ல் தீர்ப்பு வந்தது. சிலாலா ஒரு சர்வதேச நீரோட்டம்தான் என்று விசாரணையிலேயே இரண்டு நாடுகளும் ஒத்துக்கொண்டிருந்தன, அதனால் பெரும்பாலான கேள்விகளுக்குத் தீர்ப்பே தேவைப்படவில்லை.

ஒரு வண்டிக்காக எடுத்த தண்ணீர், அந்த வண்டி அருங்காட்சியகத்துக்குப் போனபிறகும் வழக்காக ஓடியிருக்கிறது.

நமக்கும் இது ஒன்றும் அந்நியமில்லை. 2022 கோடையில் ஜோத்பூரிலிருந்து பாலி ஊருக்கு ரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். அங்கே ரயில் தண்ணீர் குடித்தது, இங்கே ரயில் தண்ணீர் சுமந்தது.

மூன்றாவது வண்டி: மின்சாரக் கார்

சலார் தெ அட்டகாமா என்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் உப்பு வெளி. அதன் அடியில் அடர்த்தியான உப்புநீர். அதில் லித்தியம். 1979ல் சிலி அரசு லித்தியத்தை அரசுக்கே உரியது என்று சட்டம் போட்டது. அப்போது பேட்டரிக்காக அல்ல, அணுசக்தித் துறைக்கு அது வேண்டும் என்பதால். 1984ல் உற்பத்தி ஆரம்பம். சோனி நிறுவனம் முதல் லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991ல். எஸ்க்யூஎம் நிறுவனம் இந்த உப்பு வெளிக்கு வந்தது 1990களில். இன்னொரு பெரிய நிறுவனம் அமெரிக்காவின் ஆல்பமார்ல்.

வேலை முறை எளிது. உப்புநீரை உறிஞ்சிப் பெரிய பெரிய பாத்திகளில் விடுகிறார்கள். நம் தூத்துக்குடி உப்பளம், இங்குள்ள சாம்பார் ஏரி மாதிரிதான். வெயில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் காய்ச்சுகிறது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் வானத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் லித்தியம். 1872ல் வில்சன் செய்ததற்கு நேர் தலைகீழ். இப்போது உப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடுகிறார்கள்.

மகளுக்காக ஒரு கணக்குப் போட்டேன். நடுத்தர மின்சாரக் காரின் பேட்டரியில் சுமார் 8 கிலோ லித்தியம். அங்கே ஒரு லிட்டர் உப்புநீரில் ஒன்றரை கிராம் அளவுக்கு லித்தியம். ஒரு துளி வீணாகாவிட்டாலும் 5,000 லிட்டருக்கு மேல் வேண்டும். நடைமுறையில் பாதி பாத்தியிலேயே போய்விடும் என்று வைத்தால் பத்தாயிரத்துக்கு மேல். நம் தெருவுக்கு வரும் சின்ன டேங்கர் லாரி இரண்டு.

பேரேட்டில் எந்தத் தலைப்பு?

பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தண்ணீர் எந்தக் கணக்கிலும் தண்ணீராக வராது!

1981ல் ராணுவ ஆட்சியில் சிலி ஒரு தண்ணீர்ச் சட்டம் போட்டது. நிலம் வேறு, நீர் உரிமை வேறு. நீர் உரிமையை வாங்கலாம், விற்கலாம். ஆனால் உப்புநீரை அவர்கள் நீராகவே கருதவில்லை, அது சுரங்கத்திலிருந்து எடுக்கும் தாது மாதிரி. ஆகவே கம்பெனி தன் நல்ல தண்ணீர்ச் செலவைக் காட்டும்போது அது சின்னத் தொகையாகவே தெரியும். பொய்க்கணக்கு என்று சொல்ல முடியாது. தலைப்பு மாற்றி எழுதிய கணக்கு.

உப்புநீர் யாரும் குடிக்க முடியாததுதானே, போனால் என்ன என்று கேட்கலாம். ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். மணலில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஏனென்றால் கனமான உப்புநீருக்கு மேலே நல்ல நீர் மிதக்கிறது. மோட்டார் போட்டு ஆழத்தில் உறிஞ்சினால் அந்தச் சமநிலை கெட்டுவிடும். எங்கள் தெருவில் இனித்த கிணறு என் கண்முன்னே கரித்துப்போனது. சலாரிலும் நடுவே உப்புநீர், ஓரங்களில் மலையிலிருந்து வரும் நல்ல நீர், இரண்டும் சேருமிடத்தில் பூநாரைகள் வாழும் குட்டைகள். நடுவில் மட்டம் இறங்கினால் ஓரம் எவ்வளவு பாதிக்கும் என்பதில்தான் நிறுவனங்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வழக்கு.

சில விஷயங்கள் பதிவாகியிருக்கின்றன. 2022ல் வந்த ஓர் ஆய்வு, அந்த உப்பு வெளியில் பூநாரைகளில் இரண்டு இனங்கள் 11 வருடத்தில் 10 முதல் 12 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. 2024ல் வந்த இன்னொன்று, உறிஞ்சும் பகுதியில் தரை வருடத்துக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இறங்குகிறது என்றது. அதே சமயம் நியாயமாகச் சொல்ல வேண்டும்: 2022ல் வந்த இன்னொரு ஆய்வின்படி அந்தப் பகுதியின் நல்ல தண்ணீர்ச் செலவில் லித்தியத்தின் பங்கு பத்து சதவீதத்துக்கும் குறைவு. பெரிய தண்ணீர்க் குடியர்கள் தாமிரச் சுரங்கங்கள். (மின்சாரக் காருக்குத் தாமிரமும் பெட்ரோல் காரைவிட மூன்று மடங்குக்கு மேல் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) எஸ்கொண்டிடா என்ற மாபெரும் தாமிரச் சுரங்கம் பல வருடம் நிலத்தடி நீரை எடுத்துவிட்டு, 2020லிருந்து முழுக்கக் கடல்நீரைச் சுத்திகரித்து, 3,000 மீட்டருக்கு மேல் ஏற்றிக் குழாயில் கொண்டுபோகிறது. செலவு செய்தால் முடிகிறது என்பதற்கு அது சாட்சி.

மரம் சொன்ன சாட்சி

2013ல் கமார் ஊர்ப் பக்கம் அதிகாரிகள் சோதனைக்குப் போனபோது அல்கரோபோ மரங்களில் மூன்றில் ஒன்று காய்ந்து கிடந்தது. ஆழமாக வேர் விடும் மரம் அது, அதுவே காய்கிறது என்றால் நிலத்தடியில் ஏதோ நடக்கிறது. 2016ல் சுற்றுச்சூழல் கண்காணிப்பு அமைப்பு எஸ்க்யூஎம் மீது, அனுமதித்ததற்கு மேல் உப்புநீர் எடுத்தது உள்பட, குற்றச்சாட்டு வைத்தது. நிறுவனம் கொடுத்த திருத்தத் திட்டத்தை அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 2019 டிசம்பரில் அன்டோஃபகஸ்டா சுற்றுச்சூழல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று அந்த ஒப்புதலை ரத்து செய்தது. 2020ல் நிறுவனம், உப்புநீர் எடுப்பதை 2030க்குள் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது.

அல்கரோபோ வேறு யாருமில்லை. நம் வன்னி மரத்தின் பங்காளி. அந்த வன்னிதான் இங்கே ராஜஸ்தானில் கேஜ்ரி. ஜோத்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கேஜர்லி கிராமத்தில் 1730ல் ராஜாவின் ஆட்கள் இந்த மரத்தை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவியோடு 363 பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் கொடுத்தார்கள். போன வருடம் குடும்பத்தோடு போய் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். இன்றைக்கு அதே கேஜ்ரி பிகானேர் பக்கம் சூரிய மின் பண்ணைகளுக்காக வெட்டப்படுகிறது, பிஷ்னோய்கள் மறுபடி போராடுகிறார்கள். காருக்கு மின்சாரம் தரும் இடத்திலும் பேட்டரி தரும் இடத்திலும் ஒரே வம்சத்து மரம் சாட்சிக் கூண்டில் நிற்கிறது.

இந்தியாவும் இந்தக் கதைக்குள் நுழைந்தாயிற்று. 2024 ஜனவரியில் நம் அரசு நிறுவனமான காபில், அட்டகாமாவுக்கு மலையின் அந்தப் பக்கம், அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாகாணத்தில் 15,703 ஹெக்டேரில் லித்தியம் தேட ஒப்பந்தம் போட்டது. இரண்டே மாதத்தில், மார்ச் 2024ல், அதே மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் லாஸ் பாத்தோஸ் ஆற்றுப் பகுதியில் புதிய லித்தியம் அனுமதிகளை நிறுத்தி வைத்தது. பக்கத்து ஆறு ஒன்று காய்ந்துபோனதாக ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு அது.

சரி, கார் வாங்கினீர்களா?

வாங்கப் போகிறோம். மின்சாரக் கார்தான். பெட்ரோலுக்கு இதைவிட நல்ல வரலாறு ஒன்றும் கிடையாது, அதன் போர்களைச் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும். ஓடும் காலத்தில் இங்கே காற்றுக்கு நல்லது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்று தீர்மானம் போட்டுக்கொண்டோம். முதலாவது, தேவைக்கு மேல் பெரிய பேட்டரி வேண்டாம், ஊருக்குள் ஓட்டத்தானே. வீட்டுக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். இரண்டாவது, வாங்கினால் பத்து வருடத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது. மூன்றாவது, பழைய பேட்டரியை எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு என்று 2022ல் இந்தியாவில் விதி வந்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது. ஒரு முறை எடுத்த லித்தியம் திரும்பத் திரும்பப் பயன்பட்டால் அடுத்த டேங்கர் தண்ணீர் பூமிக்குள்ளேயே இருக்கும்.

மகளிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். செலவுப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: தண்ணீர், இரண்டு டேங்கர், சிலி. ரூபாய்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன்.

"இங்கே எவ்வளவு போடணும்பா?" என்றாள்.

"அதைக் கமார் ஊர்க்காரங்ககிட்டதான் கேக்கணும்" என்றேன்.

தாள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நேற்று பார்த்தால், அந்தக் காலிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு மரம் வரைந்து வைத்திருக்கிறாள்.